ஏழாம் நம்பர் மலையின் கருத்து

அமெரிக்காவில் பணம் நியாயமாகப் பங்கிடப்பட்டிருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கான விடை, பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகிற பாதையில், வெள்ளைப்பாறைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்குள் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. ஆள் கையில் அகப்பட்டால் அவரிடம் கேட்க, அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ரெங்கம்மாவுக்கு ஒன்றிரண்டு கேள்வி இருக்கிறது.

பிள்ளை மடுவம் என்பது தாய்மார் கொழுந்து எடுக்கப் போகையில் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் காலத்தில் பாறைக்கு மேலே கட்டியது. விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். பெரியாயி என்கிற ஆயா ஒரே ஆளாக அத்தனையையும் ஆட்டிக்கொண்டு, ஒழுகுகிற மூக்கையெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பாள். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிப்பார்கள். அங்கே வருகிற வழியில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வருவார்கள். பத்து மணிக்குப் பால் கொடுக்கிறவர்கள் மட்டும் தேயிலை நிரையை விட்டு இறங்கி, பிள்ளையைப் பசியாற்றிவிட்டு மறுபடி மலையேறுவார்கள். எத்தனையோ துரைமார் வந்து எத்தனையோ நல்ல வழக்கங்களை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் யாரும் கை வைத்ததில்லை.

ரெங்கம்மாவின் மகள் கம்சலா அப்போது தவழுகிற பிள்ளை. புருஷன் அஜந்தன் கொழும்பில் ஓர் இரும்புக்கடையில் வேலை. வீட்டில் பிள்ளை பார்க்க வேறு ஆள் கிடையாது. ரெங்கம்மா தோட்டத்தில் வேலை செய்கிறவரைதான் லயத்துக் காம்பரா என்கிற தோட்டத்து ஒற்றை அறை வீடு அவர்களுக்கு. ஆகவே மடுவம் இருந்தால் வேலை, வேலை இருந்தால் கூரை. இதற்கு மேலும் ஒன்று இருந்தது. மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து இறங்கி லயங்களை மூடிய நாளிலிருந்து இந்தப் பக்கத்துத் தாய்மார் மழைச் சத்தத்தை வேறு மாதிரிக் கேட்கப் பழகியிருந்தார்கள். பிள்ளை பாறைமேல் கிடக்கிறது என்ற தைரியத்தில்தான் ஐப்பசி மழையில் நிரையில் நிற்க முடிந்தது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே நாய் பிஸ்கட் விற்றுக் கோடீஸ்வரரான ஒரு பெரியவர் இறந்துபோனார். அவருக்கு இரண்டு ஆண்மக்கள். நாட்டுச் சொத்தெல்லாம் ஒருசிலர் பெட்டிக்குள் போய்ச் சேர்வது அநியாயம், வரி போட்டு வாங்கி எல்லாருக்கும் பகிர வேண்டும் என்பது அண்ணன் கட்சி. உழைத்தவன் வைத்திருக்கிறான், அதில் கை வைப்பது களவு, மற்றவர்களும் உழைத்து மேலே வரட்டும் என்பது தம்பி கட்சி. அண்ணன் தன் பங்கை யாருக்கும் பகிரவில்லை, தம்பி தன் பங்குக்காக உழைக்கவில்லை என்பதெல்லாம் வெளியாட்கள் பேசுகிற பேச்சு. இருவரும் பல வருடம் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மோதிக் களைத்து, நடுநிலையான மக்கள் யாராவது கேட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஒரு நிலையத்தை உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் நடுநிலை அகப்படவில்லை. அங்கே எல்லாரிடமும் ஏதாவது இருந்தது, இல்லாவிட்டால் ஒருநாள் வந்துவிடும் என்ற நம்பிக்கையாவது இருந்தது. சொத்தும் இல்லாமல், வரும் என்ற நினைப்பும் இல்லாமல் இருக்கிற மக்களை உலகமெங்கும் தேடி, ஆலோசகர்கள் கடைசியில் ஊவா மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்தச் செய்தியைப் பெரிய துரை பெரட்டுக் களத்தில் அறிவித்தார். தோட்ட முகாமையாளரை இங்கே இன்னும் துரை என்றுதான் சொல்வார்கள். அவர் அன்று கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

"உலகத்திலேயே உங்களைவிட நடுநிலையான ஆட்கள் கிடையாது என்று ஆராய்ச்சியில் தெரியவந்திருக்கிறது. இது நூற்றைம்பது வருடமாக நீங்கள் உழைத்துச் சம்பாதித்த பெருமை. அதற்குத் தோட்ட நிர்வாகமும் தன்னால் இயன்ற பங்களிப்பைச் செய்துவந்திருக்கிறது."

பெண்கள் கை தட்டினார்கள். துரை பேசி முடித்தால் கை தட்டுவது வழக்கம். கூட்டத்துக்குப் போகிற நாளில் மலைக்குப் போகாமலே பேர் விழும், அதாவது அன்றைய சம்பளம் உண்டு என்றதும் இன்னொரு முறை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அவர், நிலையம் பிள்ளை மடுவத்தில் இயங்கும் என்றார். கமெராவும் கணினியும் விலை உயர்ந்தவையாம். மண்சரிவு அபாயம் இல்லாத இடத்தில்தான் அவற்றை வைக்க வேண்டும் என்பது நிலையத்தின் பாதுகாப்புக் கொள்கையாம். பிள்ளைகள் தற்காலிகமாகப் பழைய கொழுந்து மடுவத்துக்குப் போவார்கள். முன்பு கொழுந்தை எடை போட்ட அந்த மடுவம் சரிவுக்கு நேர் கீழே இருந்தது. மேலே மண் வெடித்திருக்கிறதென்று யாரோ அதிகாரிகள் வந்து சிவப்புப் பலகை நட்டுவிட்டுப் போன சரிவு அது. இதற்கு யாரும் கை தட்டவில்லை.

ஒரே வாரத்தில் தொட்டில்கள் அவிழ்ந்தன. சுவருக்கு வெள்ளை அடித்து, வாசலில் 'அமெரிக்கச் செல்வப் பரம்பல் தொடர்பான நடுநிலைக் கருத்தறி நிலையம், ஊவா' என்று ஒரு நீளமான பலகையை இரண்டு சங்கிலிகளில் தொங்கவிட்டார்கள். பெரியாயியை நிலையமே எடுத்துக்கொண்டது. அவளுக்கு 'உபசரிப்பு உதவியாளர்' என்று பதவி; வேலை தேத்தண்ணி போடுவது. கொழுந்து மடுவத்தில் பிள்ளைகளைத் தாய்மாரே முறை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முறைக்கு நின்றவளுக்கு அன்று பேர் கிடையாது.

நிலையத்துக்கு இரண்டு பணிப்பாளர்கள். அண்ணன் பக்கம் இந்திரஜித், கொழும்புக்காரர், கதர் மாதிரித் தெரிகிற, கதர் இல்லாத சட்டை போடுவார். தம்பி பக்கம் சந்திரகாந்தி, பதுளையில் பெரிய புடவைக்கடைக் குடும்பத்துப் பெண், அமெரிக்காவில் படித்தவர். உழைத்தால் யாரும் முன்னுக்கு வரலாம் என்பதற்குத் தன்னையே உதாரணம் காட்டுவார். கடையைப் பற்றி அந்த நேரத்தில் சொல்ல மாட்டார். இரண்டு பேருக்கும் ஒரே உயர நாற்காலி, ஒரே நிற ஜீப், இரண்டு மணிக்கூடு. யார் முதலில் விளக்கேற்றுவது என்பதில் பக்கச்சார்பு வந்துவிடக்கூடாது என்பதற்காக இரண்டு குத்துவிளக்கு வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒரே நேரத்தில் ஏற்றுவார்கள். ஒருவர் விளக்கு காற்றில் அணைந்தால் மற்றவர் தன்னுடையதையும் ஊதி அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். மடுவத்தில் நல்ல காற்று.

கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு முதலில் நடுநிலைப் பரிசோதனை நடந்தது. காணி உண்டா, வீடு உண்டா, வங்கியில் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றதும் சந்திரகாந்தி பாராட்டித் தலையசைத்தார். ரெங்கம்மாவிடம் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. அவள் மூக்கில் மூக்குத்தி இருந்தது. அது சொத்தா, உடம்பின் பகுதியா என்று இரு பணிப்பாளர்களும் நெடுநேரம் ஆராய்ந்தார்கள். சொத்து உள்ளவர் கருத்து சொத்தின் பக்கம் சாயும் என்ற முடிவுக்கு வந்து, கூட்டம் முடியும்வரை கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவளே சேர்த்து வாங்கிப் போட்டது. அன்று முதல் நாள் என்பதால் ஒன்றும் பேசாமல் கழற்றிக் கொடுத்தாள். அது அவளுக்குப் பிறகு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

முதல் கூட்டத்தில் படம் காட்டினார்கள். இது அமெரிக்கப் பணக்காரர் வீடு, இது அமெரிக்க ஏழை வீடு என்று இந்திரஜித் உருக்கமாகச் சொன்னார். ஏழை வீட்டுக்கு முன்னால் புல்தரை இருந்தது, கார் இருந்தது, ஜன்னலுக்குத் திரை இருந்தது. பெண்கள் அது துரை பங்களா என்று நினைத்து மரியாதையாகப் பார்த்தார்கள். அந்த ஏழை பட்ட கடனையும், வைத்தியத்துக்குப் போனால் வீட்டையே விற்க வேண்டி வருவதையும் இந்திரஜித் சொன்னபோது அவர்களுக்குப் பாவமாகவும் இருந்தது. அதே ஏழையின் பிள்ளை நாளை பெரிய கம்பனி முதலாளி ஆகலாம், அந்த நாட்டில் ஏணி எல்லாருக்கும் பொது என்று சந்திரகாந்தி சொன்னபோது சந்தோஷமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு அண்ணன் தம்பி கதை வந்தது. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ரெங்கம்மாவின் பக்கத்துக் காம்பராக்காரி சிவசக்தி எழுந்து கேட்டாள்.

"ஏங்க மிஸ், அவுங்களுக்குத் தாய்மாமா யாரும் இல்லைங்களா? அப்பன் சொத்துக்கு அண்ணன் தம்பி அடிச்சிக்கிட்டா மாமன்தானே வந்து பேசி முடிக்கணும்?"

சந்திரகாந்தி இது சொத்துத் தகராறு இல்லை, கொள்கை வேறுபாடு என்று விளக்கினார். சிவசக்தி ஆமாங்க என்று உட்கார்ந்து, எங்க ஊட்லயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டாங்க என்று ரெங்கம்மாவின் காதில் சொன்னாள்.

பிஸ்கட் நேரம் வந்தது. பகிர்வுப் பக்கத்து முறை என்றால் பிஸ்கட்டைச் சமமாகப் பிரிப்பதற்கு ஒரு குழு அமைக்கப்படும். குழு முடிவுக்கு வருவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். உழைப்புப் பக்கத்து முறை என்றால் கேள்விக்கு முதலில் பதில் சொன்னவளுக்கு முழுப் பக்கட்டும், மற்றவர்களுக்கு உற்சாகமூட்டும் வார்த்தைகளும் கிடைக்கும். எந்தப் பக்கத்து முறையானாலும் பணிப்பாளர்கள் இருவருக்கும் பதுளை ஹோட்டலிலிருந்து சாப்பாடு வரும். அதைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே அவர்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்ததாகப் பெரியாயி ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசியில் கருத்தறிதல். தரையில் நடுவே ஒரு கோடு போட்டு, பகிர வேண்டும் என்பவர்கள் இடப்பக்கம், வைத்திருக்கட்டும் என்பவர்கள் வலப்பக்கம் நில்லுங்கள் என்றார்கள். தோட்டத்து ஆட்களிடம் இரண்டாகப் பிரிந்து நில்லுங்கள் என்று சொன்னால் அவர்களுக்குத் தெரிந்த பிரிவு ஒன்றுதான். தினமும் பெரட்டில் நிற்கிறபடி ஏழாம் நம்பர் மலைக்குப் போகிறவர்கள் இடப்பக்கம் போனார்கள், நாலாம் நம்பர் மலை வலப்பக்கம் போனது. வாசலில் நின்ற கணக்கப்பிள்ளை நல்லையா பழக்க தோஷத்தில் தலை எண்ணிவிட்டு, சரி என்றார். ரெங்கம்மா நாலாம் மலை, வலப்பக்கம் நின்றாள்.

நிலையம் அசந்துபோயிற்று. ஒருவர்கூடத் தடுமாறவில்லை, ஒருவர்கூடப் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கவில்லை, இப்படித் தெளிவான கருத்தை எந்த நாட்டிலும் கண்டதில்லை என்று அமெரிக்காவுக்கு எழுதினார்கள். அங்கிருந்து பேராசிரியர்கள் கேள்வி அனுப்பினார்கள். ஏழாம் மலை சமத்துவத்தையும் நாலாம் மலை தனிமனித முயற்சியையும் ஆதரிக்கக் காரணம் மண்ணா, வெயிலா, கடல் மட்டத்திலிருந்து உயரமா? இரண்டு மலையிலும் மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இந்திரஜித் நாலாம் மலைக்கு ஏறிப்போய்ப் பெண்களின் மனத்தை மாற்றப் பார்த்தார். கூடை சுமந்து நிற்கிறவர்களிடம் குடையின் கீழ் நின்று கூட்டுழைப்பைப் பற்றிப் பேசினார். குடையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் வேறொருவர்.

இந்த நேரத்தில் ஏழாம் மலையில் ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குப் போக, அந்த நிரைக்கு நல்லையா ரெங்கம்மாவை மாற்றினார். அடுத்த கூட்டத்தில் கோடு போட்டதும் ரெங்கம்மா இடப்பக்கம் போய் நின்றாள்.

இந்திரஜித் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கருத்து மாறிய முதல் மனுஷி. ரெங்கம்மாவைக் கமெராவுக்கு முன்னால் உட்கார வைத்து ஏன் மாறினீர்கள் என்று கேட்டார்கள். கணக்கப்பிள்ளை போகச் சொன்னாருங்க என்றாள். 'அடிமட்டத் தலைமைத்துவத்தின் செல்வாக்கு' என்று எழுதிக்கொண்டார்கள். புதிய பக்கத்தில் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். அங்கே அட்டைக்கடி கொஞ்சம் குறைவு என்றாள். 'இரத்தம் உறிஞ்சப்படாத சமுதாயத்துக்கான ஏக்கம்' என்று எழுதினார்கள். சந்திரகாந்தி விடவில்லை. பழைய பக்கத்தில் நல்லது ஒன்றுமே இல்லையா என்று கேட்டார். அங்கே கொழுந்து நல்லா இருக்கும், ஏற்றம்தான் கஷ்டம் என்றாள். சந்திரகாந்தி இதைத் தம்பி பக்கத்துக்கு வெற்றியாக அறிவித்தார். அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் திரையில் நேரடியாகத் தோன்றுகிற மாபெரும் நிறைவுக் கூட்டத்தில் ரெங்கம்மா பேசுவாள் என்று முடிவாயிற்று. அவளுக்கு இதில் எதுவும் பிடிபடவில்லை. பிள்ளையை எப்போது பாறைக்குக் கொண்டுவரலாம் என்பது மட்டும்தான் அவள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நிறைவுக் கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. அன்று கொழுந்து மடுவத்தில் சிவசக்தியின் முறை. சரிவிலிருந்து சேறு கதவுக்குக் கீழே நுழைந்து, கல்லும் வேருமாக உள்ளே வந்தது. சிவசக்தி போட்ட சத்தம் ஏழாம் மலைவரை கேட்டது. ரெங்கம்மா கூடையை எங்கே போட்டாள், எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே போய்ப் பார்த்தபோது பிள்ளைகள் எல்லாம் வெளியே, மழைக்குள், கொழுந்து எடுக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் கீழே குவியலாக இருந்தார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்சலா முழங்கால்வரை சேறும் சகதியுமாக உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். ரெங்கம்மாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தச் சேற்றோடு நேரே நிலையத்துக்குப் போனாள்.

"சேர், மடுவத்த எங்களுக்குத் திருப்பிக் குடுங்க. பிள்ளைங்க சாகப் பாத்துச்சிங்க."

இந்திரஜித் உடனே எழுந்துவிட்டார். அவருக்கு உண்மையாகவே வருத்தம். "ரெங்கம்மா, இடத்தைப் பகிர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் வாழ்நாள் முழுக்க அதைத்தான் சொல்லி வருகிறேன். அதைத் தொடர்ந்து சொல்வதற்கு எனக்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? என் பாதியை நான் விட்டுக்கொடுத்தால் முழு மடுவமும் மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். அப்புறம் பகிர்வுக்காகப் பேச இங்கே யார் இருப்பார்கள்?"

சந்திரகாந்தி அவ்வளவு உருகவில்லை. நேர்மையாகப் பேசினார். "எதையும் கேட்டு வாங்கக்கூடாது, தகுதியால் பெற வேண்டும். நாங்கள் இந்த இடத்துக்குத் திட்ட முன்மொழிவு சமர்ப்பித்தோம். பிள்ளைகள் தரப்பிலிருந்து ஏதாவது முன்மொழிவு வந்ததா?"

ரெங்கம்மா கம்சலாவைப் பார்த்தாள். கம்சலா சேற்றுக் காலை ஆட்டினாள். வரவில்லைங்க மிஸ் என்று சொல்லிவிட்டு ரெங்கம்மா வெளியே வந்தாள். பின்னால், தரையில் சேறு விழுந்துவிட்டது, எந்தப் பக்கத்துப் பாதியில் அதிகம் என்று பணிப்பாளர்கள் பேசிக்கொள்வது கேட்டது.

அன்று மாலை பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். துரையிடம் போகலாம் என்றார்கள் சிலர். துரைதானே கொடுத்தார் என்றார்கள் மற்றவர்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் போகலாமென்றால் நிறைவுக் கூட்டத்துக்குப் பிரதம அதிதியே அவர்தான். ரெங்கம்மா குடத்தை நிரப்பிக்கொண்டே பெரியாயியைப் பார்த்தாள்.

"அக்கா, மடுவத்துச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்டத்தான் இருக்கு. தேத்தண்ணி போடுறவதானே மொதல்ல வரணும்."

அதற்கு மேல் அதிகம் பேசத் தேவைப்படவில்லை.

நிறைவுக் கூட்டத்தன்று விடிந்தபோது மழை விட்டிருந்தது. இரண்டு ஜீப்பும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. பணிப்பாளர்கள் ஒரே நேரத்தில் இறங்கி, ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து, ஒரே நேரத்தில் நின்றுவிட்டார்கள். விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்த அமெரிக்க வரைபடங்களுக்கு நடுவில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் கட்டியிருந்தன. சிவப்பு, பச்சை, பூப்போட்டது, கிழிந்து தைத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. சுவரோரம் தாய்மார் கூடையோடு நின்றார்கள். இரண்டு மலையும் கலந்து நின்றதால் நல்லையாவுக்குத் தலை எண்ண வரவில்லை. பெரியாயி பால் போட்ட தேத்தண்ணியை நீட்டினாள்.

கழற்றவோ கலைக்கவோ நேரமில்லை. திரையில் அண்ணனும் தம்பியும் தோன்றிவிட்டார்கள். வேறு வேறு அறையில் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் இருவர் பின்னாலும் ஒரே அப்பாவின் படம். இருவரும் தொட்டில்களைப் பார்த்துப் பரவசப்பட்டார்கள். இது உள்ளூர்க் கலாசார அலங்காரம் என்று சந்திரகாந்தி சமாளித்தார். பேசுமுன் ரெங்கம்மாவின் மூக்குத்தியைப் போட்டுவைக்கப் பிளாஸ்டிக் பையை நீட்டினார்கள். அது இருக்கட்டும் என்று அவள் பையைத் தள்ளிவிட்டு மேசைப் பக்கம் போனாள். தொழிற்சங்கத் தலைவர் நீதி வெல்லும் என்று எந்த நீதி என்று சொல்லாமல் பேசி அமர்ந்தார். மொழிபெயர்ப்பில் பக்கச்சார்பு கூடாது என்பதால் ஒரு வாக்கியத்தை இந்திரஜித்தும் அடுத்ததைச் சந்திரகாந்தியும் ஆங்கிலத்தில் சொல்வது என்று ஒப்பந்தம். ஒலிவாங்கி ரெங்கம்மாவின் கைக்கு வந்தது. கருத்து மாறிய பெண்ணே, இருக்கிறவர் பகிர வேண்டுமா, வைத்திருக்கட்டுமா, இரண்டில் எது உன் பக்கம் என்று திரையில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

ரெங்கம்மா ஒலிவாங்கியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இருக்கிறவங்க இல்லாதவங்களுக்குக் குடுக்கணும்னு சேர் சொன்னாரு." இந்திரஜித் மகிழ்ச்சியாக மொழிபெயர்த்தார். அண்ணன் தலையசைத்தார்.

"அடுத்தவங்க பொருள்ல கை வைக்கிறது களவுன்னு மிஸ் சொன்னாங்க." சந்திரகாந்தி மொழிபெயர்த்தார். தம்பி தலையசைத்தார்.

"ரெண்டும் எங்களுக்குச் சரின்னுதான் படுது." இந்திரஜித் மொழிபெயர்த்தார். இருவரும் தலையசைத்தார்கள். உலக வரலாற்றில் முக்கியமான நிமிடம் இது என்பதுபோலக் கமெராக்காரர் ஷப்ராஸ் நெருங்கி வந்தார்.

"அப்ப ரெண்டு பேரும் சேந்து எங்க பிள்ளைங்க மடுவத்த எடுத்துக்கிட்டீங்களே, அது எந்தப் பக்கம்?"

சந்திரகாந்தி இந்திரஜித்தைப் பார்த்தார். இது உங்கள் முறை என்றார். இல்லை, கடைசியாகச் சொன்னது நான்தான், இது உங்கள் முறை என்றார் இந்திரஜித். பேசியது ஒரு வாக்கியமா, இரண்டு வாக்கியமா என்று விசாரித்தார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். திரையில் அண்ணனும் தம்பியும் புன்னகையோடு காத்திருந்தார்கள். அந்தக் கேள்வி இன்றுவரை அமெரிக்காவுக்குப் போய்ச் சேரவில்லை.

அப்போது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. ரெங்கம்மா ஒலிவாங்கியை மேசையில் வைத்தாள். கம்சலாவின் தொட்டிலில் குனிந்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள். தாய்மார் எல்லாரும் கூடையை மாட்டிக்கொண்டு வரிசையாக வெளியே நடந்தார்கள். சந்திரகாந்தி பெரியாயியின் பக்கம் ஓடி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பெரியாயி மூலையில் ஸ்டூலைப் போட்டு, எல்லாத் தொட்டிலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, தான் உபசரிப்பு உதவியாளர் என்று பணிவாக ஞாபகப்படுத்தினாள்.

உள்ளே ஒரு பிள்ளை சிணுங்கியது. அதைக் கேட்டு இன்னொன்று தொடங்கியது. இந்திரஜித் வாசல்வரை வந்துவிட்டார்.

"ரெங்கம்மா, நில்லுங்கள். இவர்கள் எல்லாரும் அழத் தொடங்கினால் நாங்கள் என்ன செய்வது?"

ரெங்கம்மா பாறையை விட்டு இறங்காமல் திரும்பி நின்றாள். முதல் நாள் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்த உறுத்தல் அந்த நிமிடம் அவளை விட்டுப் போயிற்று.

"நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க சேர், மிஸ் இந்தப் பக்கம் நிக்கட்டும். தொட்டில நடுவுல வச்சி ஆட்டுங்க. பத்து மணிக்குப் பால் குடுக்க வந்துருவோம்."

பத்து மணிக்கு அவர்கள் இறங்கி வந்தபோது திரை அணைந்திருந்தது. இரண்டு பணிப்பாளர்களும் வியர்க்க விறுவிறுக்கத் தொட்டில் தொட்டிலாக ஆட்டிக்கொண்டு நின்றார்கள். கம்சலா நல்ல உறக்கம்.

மறுநாள் காலையும் பிள்ளைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை. இந்திரஜித்தும் சந்திரகாந்தியும் கொஞ்ச நாள் தொட்டில்களுக்கு நடுவில் குனிந்து குனிந்து நடந்து பார்த்துவிட்டு, நடுநிலையான மக்களை வேறு மாகாணத்தில் தேடுவதாகச் சொல்லி ஒரே நேரத்தில் ஜீப் ஏறினார்கள். பெரியாயி பழையபடி ஆயா ஆனாள். பலகையை மட்டும் கழற்ற மறந்துவிட்டார்கள். வெயில் அடிக்கிற நாட்களில் பிள்ளைகளின் ஈரத்துணியெல்லாம் அதன் மேல்தான் காய்கிறது, இரண்டு பக்கத்திலும் சமமாக.